ஃபால்ஸ் சீலிங்ல லைட்டுக்கு ஓட்டை போடணுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எல்இடி லைட் வாங்குறது பத்தி எழுதினோம்ல, அதுக்கு வந்த கேள்விகள்ல லைட்டை பத்தி கேட்டவங்க கம்மி, அந்த லைட்டை சொருகுறதுக்கு சீலிங்ல எப்படி ஓட்டை போடுறதுன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி. அதனால இந்த தடவை முழுக்க ஓட்டைதான்.

சார், ஹால்ல ஜிப்சம் சீலிங் போட்டு முடிச்சாச்சு. எலக்ட்ரீஷியன் நாளைக்கு வர்றேன் நாளைக்கு வர்றேன்னு இழுத்துக்கிட்டே இருக்கார். எட்டு லைட்டுதான், நானே போட்டுடலாம்னு பாக்குறேன். என்ன டூல் வாங்கணும்?
– வாசகர், நாமக்கல்

போடலாம், ஜிப்சம்தான் இருக்கறதுலயே ஈஸி. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லுங்க, லைட்டு வாங்கிட்டீங்களா? வாங்கலன்னா டூல் கடை பக்கமே போகாதீங்க. நிறைய பேர் "4 இஞ்ச் லைட்டு"ன்னு வாயால சொல்றதை வச்சு 4 இஞ்ச் ஓட்டை போட்டுடறாங்க, அப்புறம் பாத்தா லைட்டு உள்ள போகாது, இல்லன்னா ஓட்டை வழியா மொத்தமா கையிலயே வந்து விழும். லைட்டோட வெளி வட்டம் வேற, வெட்ட வேண்டிய ஓட்டை வேற. அட்டைப்பெட்டி மேல கட் அவுட் சைஸ்னு மி.மீ. கணக்குல போட்டிருக்கும், அதுதான் நமக்கு வேணும். அதே வாட்ஸ் லைட்டுக்கே கம்பெனிக்கு கம்பெனி இந்த சைஸ் மாறும், அதனால பெட்டியை பாக்காம யார் சொன்னாலும் நம்பாதீங்க.

எட்டும் ஒரே சைஸ்னா விஷயம் சிம்பிள், அந்த சைஸுக்கு ஒரே ஒரு ஹோல் சா வாங்கிக்கங்க. கிண்ணம் மாதிரி இருக்கும், விளிம்புல பல்லு, நடுவுல ஒரு ட்ரில் பிட்டு. கடையில 19 மி.மீ. தொடங்கி 127 மி.மீ. வரைக்கும் பெட்டியோட ஒரு செட்டு காட்டுவாங்க, ஆசையா இருக்கும், ஆனா உங்க சைஸ் அதுல இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க, 105 வேணும்னு போய் 102ம் 127ம் இருக்கற செட்டை வாங்கிட்டு வந்து என்ன பண்றது. தனியா பை-மெட்டல் ஹோல் சா கிடைக்கும், அது நல்லா உழைக்கும். பெரிய சைஸ்ல தண்டு தடிமனா இருக்கும், 10 மி.மீ. சக்கு (பிட்டை கவ்விப் பிடிக்கிற வாய்) இருக்கற சின்ன ட்ரில் மெஷின்ல சிலது நுழையாது, மெஷினை கையோட கடைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.

போடுறப்ப மெஷின்ல ஹேமர் மோடு (சுவத்தை இடிச்சு இடிச்சு துளைக்கிறது) ஆஃப்ல இருக்கணும், இது ரொம்ப முக்கியம். ஸ்பீடை குறைச்சு வைங்க. நடு பிட்டு முதல்ல உள்ள போகும், அப்புறம் பல்லு போர்டை தொடுறப்ப வட்டம் முழுக்க ஒரே நேரத்துல தொடுதான்னு பாருங்க, ஒரு பக்கம் மட்டும் கடிச்சா மெஷின் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். ஜிப்சம் போர்டுன்னா என்ன, ரெண்டு பக்கமும் காகிதம், நடுவுல மாவு, மொத்தமே 12.5 மி.மீ.தான். அதனால அமுக்கவே வேண்டாம், மெஷினோட வெயிட்டை தாங்கிப் பிடிச்சு லேசா மேல தள்ளினா அதுவே போயிடும். கடைசியில அவசரப்பட்டு தள்ளினா மேல் காகிதம் பிஞ்சு, கூடவே போர்டும் ஒரு துண்டு பேந்து வரும். வெட்டின வட்டத்துண்டு கிண்ணத்துக்குள்ள சிக்கிக்கும், பக்கவாட்டுல நீளமா ஒரு துளை இருக்கும் பாருங்க, அதுல ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்புங்க.

ட்ரில் மெஷினே இல்லன்னாலும் கவலையில்ல. முனை கூரா, கத்தி மாதிரி நீளமா, கைப்பிடி போட்ட சின்ன ரம்பம் ஒண்ணு இருக்கு, டிரைவால் சான்னு கேளுங்க, சில நூறு ரூபாய்க்குள்ள வந்துடும். காம்பஸ்ல வட்டம் போட்டு, முனையை குத்தி இறக்கி, கோட்டுக்கு உள்பக்கமா அறுத்துட்டு வரணும். எட்டு ஓட்டைக்கு கை வலிக்கும், ஆனா தூசி கம்மி, சத்தம் இல்ல, மேல ஏதாவது தட்டுப்பட்டா கையிலயே தெரிஞ்சிடும். எனக்கு கேட்டா ரெண்டு மூணு ஓட்டைக்கு இதுதான் பெஸ்ட்.

அண்ணா, வீட்ல சோபா டிவி எல்லாம் செட் பண்ணி குடிவந்தாச்சு. இப்ப போய் கூடுதலா லைட்டு வேணும்னு வீட்டுக்காரர் நிக்கிறார். தூசி பறக்காம ஓட்டை போட ஏதாவது வழி இருக்கா?
– வாசகி, திருப்பூர்

முழுசா பறக்காமன்னா கஷ்டம்மா, ஆனா நல்லாவே குறைக்கலாம். அட்ஜஸ்டபிள் ஹோல் கட்டர்னு ஒண்ணு வருது, நடுவுல பிட்டு, ரெண்டு பக்கமும் கை மாதிரி ஒரு பட்டை, அதுல ஆளுக்கு ஒரு பிளேடு. பட்டையில நகர்த்தி எந்த சைஸ் வேணும்னாலும் வச்சுக்கலாம், நிறைய மாடல்ல 40 மி.மீ.ல இருந்து 200 மி.மீ. வரைக்கும் போகும். இதோட கூடவே கண்ணாடி மாதிரி தெரியற ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வரும், அது சீலிங்கை ஒட்டி நிக்கும், தூசி எல்லாம் அதுக்குள்ளயே விழுந்துடும். கிண்ணம் இல்லாத மாடல் விலை கம்மின்னு வாங்கிடாதீங்க, உங்களுக்கு வேண்டியதே அந்த கிண்ணம்தான், அதுவும் போக சுத்துற பிளேடுக்கும் முகத்துக்கும் நடுவுல இருக்கறதும் அதுதான்.

இதுல ரெண்டு விஷயம் கவனிக்கணும். ரெண்டு பிளேடும் நடுவுல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும், ஒண்ணு 52 இன்னொண்ணு 54ன்னு வச்சா மெஷின் கையில ஆட்டம் போடும். சில மாடல்ல பட்டையில ஆரம் போட்டிருக்கும், சிலதுல விட்டம், அதனால முதல்ல மிச்சம் கிடக்குற போர்டு துண்டுலயோ பழைய பிளைவுட்லயோ ஒரு ஓட்டை போட்டு லைட்டை வச்சுப் பாத்துட்டு அப்புறம் சீலிங்குக்கு போங்க. பிளேடை பிடிச்சிருக்கற ஸ்க்ரூவை ஒவ்வொரு ஓட்டைக்கும் நடுவுல ஒரு தடவை டைட் பண்ணிக்கங்க, அதிர்வுல லூஸ் ஆகும்.

ஹோல் சாவே வச்சிருக்கீங்கன்னா பழைய ஐஸ்கிரீம் டப்பா அடியில தண்டு நுழையற அளவுக்கு ஓட்டை போட்டு அதுக்குள்ள மாட்டிக்கலாம். இல்லன்னா கீழ குடையை விரிச்சு தலைகீழா தொங்க விடுங்க, சிரிக்காதீங்க, முக்கால்வாசி தூசி அதுல விழும். சோபாவுக்கு பழைய பெட்ஷீட், உங்க வீட்டுக்காரருக்கு மாஸ்க்கும் கண்ணாடியும். மேல பாத்துக்கிட்டே வெட்டுறதால தூசி நேரா கண்ணுக்குத்தான் வரும், கண்ணாடி இல்லாம ஏற விடாதீங்க. முடிஞ்ச உடனே ஈரத்துணியை எடுத்துட்டு ஓடாதீங்க, முதல்ல பெருக்கி அள்ளணும், ஈரம் பட்டா டைல்ஸ் முழுக்க வெள்ளையா இழுகிக்கும்.

எங்க வீடு பழசு, அப்பா காலத்துல போட்ட பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) சீலிங். ஹோல் சா போட்டா பாதியில மாட்டிக்கிட்டு மெஷின் கையை முறுக்குது. மெஷின் சரியில்லையா?
– வாசகர், கும்பகோணம்

மெஷின் மேல தப்பில்ல சார். அந்தக் கால பிஓபிக்குள்ள தேங்காய் நாரோ சணலோ வச்சு வார்ப்பாங்க, சில இடத்துல கோழிக்கூண்டு வலை கம்பியே இருக்கும், அதுதான் விரிசல் விடாம பிடிச்சு நிக்குது. உங்க ஹோல் சா பல்லு அந்த நாருல சுத்திக்குது. ஏணி மேல நின்னுக்கிட்டு மெஷின் முறுக்கினா மணிக்கட்டு போயிடும், இல்லன்னா ஆளே கீழ விழணும், அதனால அதை நிறுத்திடுங்க. கனமும் ஜிப்சம் மாதிரி ஒரே அளவுல இருக்காது, ஒரு இடத்துல அரை இஞ்ச், மோல்டிங் பக்கத்துல ஒண்ணரை இஞ்ச்னு இருக்கும்.

இதுக்கு பொறுமைதான் டூல். வட்டம் போட்டு, கோட்டை ஒட்டி உள்பக்கமா 6 மி.மீ. பிட்டுல வரிசையா துளை போட்டுட்டு, ஆக்ஸா பிளேடை எடுத்து ஒரு முனையில துணி சுத்தி கையில பிடிச்சு துளைக்கு துளை அறுங்க. நாரும் அறுபடும், வலை கம்பியும் அறுபடும். ஊர்ல இருக்குற பழைய எலக்ட்ரீஷியன்லாம் இப்படித்தான் பண்ணுவாங்க, ஸ்டைலா இருக்காது, ஆனா பிஓபி உடையாது. நிறைய ஓட்டைன்னா விளிம்புல பல்லுக்கு பதிலா கார்பைடு குருணை ஒட்டின ஹோல் சா இருக்கு, அது நாருல மாட்டாம தேச்சே போகும், விலை கூட. நாலு லைட்டுக்கு அதை வாங்கறது வேஸ்ட்.

பிவிசி பேனல் சீலிங்ல ஓட்டை போட்டா ஓரமெல்லாம் தெறிச்சு உடையுது. என்ன பண்ணலாம்?
– வாசகர், ஓசூர்

அது உள்ள பொந்தா இருக்கற மெல்லிசு தகடுங்க, பல்லு கடிச்சு இழுத்தா உடையத்தான் செய்யும். ட்ரில்லை ரிவர்ஸ்ல போட்டு ஹோல் சாவை ஓட்டுங்க. பல்லு வெட்டாம தேச்சுக்கிட்டே போகும், மேல் தோல் வட்டமா அழகா அறுந்துடும், அதுக்கப்புறம் வேணும்னா ஃபார்வேர்டுக்கு மாத்திக்கலாம். ஸ்பீடு ஜாஸ்தி வச்சா பிவிசி உருகி பல்லுல ஒட்டிக்கும். ரெண்டு பேனல் சேர்ற ஜாயின்ட் மேல லைட்டு வராம பாத்துக்கங்க.

கான்க்ரீட் ரூஃப்லயே ஓட்டை போட்டு லைட்டை உள்ள பதிக்க முடியுமா? ஃபால்ஸ் சீலிங் போட பட்ஜெட் இல்ல.
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். டைமண்ட் கோர் பிட்டு போட்டு தண்ணி விட்டு கான்க்ரீட்டை வெட்டுற மெஷின் இருக்கு, வாடகைக்கும் வருது, முடியுமான்னா முடியும். ஆனா வீட்டு ரூஃப் கனமே 4 இஞ்ச், 5 இஞ்ச்தான், அடியில இருந்து முக்கா இஞ்ச், ஒரு இஞ்ச்லயே கம்பி ஓடுது, ரூஃபோட பாரத்தை தாங்குறது அந்த அடிக்கம்பிதான். 4 இஞ்ச் வட்டத்துல கம்பி மாட்டுறதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. லைட்டுக்காக அதை அறுக்கிறதா? இன்ஜினியர் எழுத்துல குடுக்காம யாரும் தொடக்கூடாது. ரூஃபுக்கு அடியில மாட்டுற சர்ஃபேஸ் லைட்டு இப்ப மெல்லிசாவே வருது, அதுக்கு ரெண்டு சின்ன துளையும் ஒரு ஒயரும் போதும்.

வீடு இப்பதான் கட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை: சென்ட்ரிங் அடிச்சு கம்பி கட்டுறப்பவே லைட்டுக்கான பாக்ஸை வச்சு பைப்பை இழுத்துட்டா கான்க்ரீட் போட்டதும் ஓட்டை ரெடியா இருக்கும், எந்த டூலும் வேண்டாம். கான்க்ரீட் உள்ள போகாம பாக்ஸை அடைச்சு டேப் ஒட்டிடுங்க, போடுற அன்னைக்கு கூட ஒரு ஆளை நிறுத்துங்க, மிதிச்சே நகர்த்திடுவாங்க.

சீலிங் மேல சேனல் (போர்டை தாங்குற இரும்பு பட்டை) எங்க ஓடுது, ஒயர் எங்க ஓடுதுன்னு வெளிய இருந்து எப்படி தெரிஞ்சுக்கிறது? மார்க் பண்ணின இடத்துல போட்டா சேனல் மேலயே விழுது.
– வாசகி, மதுரை

நல்ல கேள்விங்க, டூலை விட இதுதான் நிறைய பேரை படுத்துது. ஒரு காந்தத்தை துணியில சுத்தி சீலிங்ல மெதுவா தேச்சுக்கிட்டே போங்க. போர்டை சேனல்ல முடுக்கின ஸ்க்ரூ தலை எல்லாம் பட்டிக்கு அடியில மறைஞ்சிருக்கும், அங்க காந்தம் லேசா பிடிக்கும். பிடிக்கிற இடத்துல எல்லாம் பென்சில்ல புள்ளி வச்சா வரிசையா ஒரு கோடு கிடைக்கும், அதுதான் சேனல். வழக்கமா ஒண்ணரை அடிக்கு ஒண்ணு ஓடும். லைட்டு அது மேல விழுந்தா அந்த வரிசை மொத்தத்தையும் சேனல்ல படாத அளவுக்கு தள்ளிடுங்க, ஒரு லைட்டை மட்டும் தள்ளினா படுத்துக்கிட்டு பாக்குறப்ப கோணலா உறுத்தும். சேனலை வெட்டிடலாம்னு மட்டும் யோசிக்காதீங்க.

அப்புறம் நடுவுல சின்னதா ஒரு துளை போட்டு, கட்டுக்கம்பியை எல் மாதிரி வளைச்சு உள்ள விட்டு ஒரு சுத்து சுத்துங்க. வளைச்ச நீளம் லைட்டோட ஆரத்தை விட கொஞ்சம் கூட இருக்கட்டும். தடையில்லாம சுத்தினா அந்த இடம் காலி. எதுலயாவது இடிச்சா நகர்த்திக்கலாம், சின்ன துளைதானே, பட்டி வச்சு மூடிடலாம். இதை எல்லாம் மெயினை ஆஃப் பண்ணிட்டு பண்ணுங்க, ரூம் ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணினா பத்தாது, மேல வேற ரூமுக்கு போற லைனும் ஓடும். மெயின் ஆஃப்ல இருக்கணும்னா பேட்டரி ட்ரில்தான் வசதி.

மார்க் பண்றப்பவே ஃபேனையும் பாத்துக்கங்க. றெக்கைக்கு நேர் மேல லைட்டு வந்துச்சுன்னா நிழல் வெட்டி வெட்டி ஓடி தலைவலி வந்துடும்.

பழைய லைட்டு போயிடுச்சு, புதுசுக்கு ஓட்டை கொஞ்சம் பெருசா வேணும். ஏற்கனவே ஓட்டை இருக்கறதால நடு பிட்டுக்கு பிடிமானமே இல்ல, ஹோல் சா வழுக்கிட்டு ஓடுது.
– வாசகர், வேலூர்

பிளைவுட் துண்டு ஒண்ணு எடுங்க, ஒரு அடிக்கு ஒரு அடி போதும். புது சைஸ் ஹோல் சாவால அதுல ஒரு ஓட்டை போடுங்க. அந்த பிளைவுட்டை சீலிங்ல பழைய ஓட்டை நடுவுல வர்ற மாதிரி வச்சு ஒரு ஆள் அழுத்திப் பிடிச்சுக்கணும், இப்ப நடு பிட்டை கழட்டிட்டு அந்த பிளைவுட் ஓட்டைக்குள்ளயே ஹோல் சாவை விட்டு வெட்டுங்க. வெளிய ஓட வழியில்ல, நேரா போகும். நாலஞ்சு மி.மீ.தான் வித்தியாசம்னா இதெல்லாம் வேண்டாம், கை ரம்பமோ முரட்டு உப்புத்தாளோ போதும், லைட்டோட விளிம்பு மிச்சத்தை மறைச்சுடும்.

மாடியில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில லைட்டு பதிக்கணும், எந்த பிளேடு?
– வாசகர், சேலம்

எந்த பிளேடும் வேண்டாம் சார். ஆஸ்பெஸ்டாஸை வெட்டினா வர்ற தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, வருஷக்கணக்குல உள்ளயே இருந்து கேன்சர் வரைக்கும் கொண்டு போகும், சாதாரண மாஸ்க் அதை நிறுத்தாது. ஷீட்டை தாங்குற இரும்பு பைப்புல க்ளாம்ப் போட்டு லைட்டை தொங்க விடுங்க.

வாடகை வீட்ல இருக்கேன், ஃபால்ஸ் சீலிங் இருக்கு. ரெண்டு லைட்டு கூடுதலா போட்டுக்கலாமா?
– வாசகர், சென்னை

ஹவுஸ் ஓனர்கிட்ட கேட்டீங்களா? கேக்காம போட்டா காலி பண்றப்ப அட்வான்ஸ்ல கழிச்சுடுவாங்க. சரின்னு சொன்னா வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜா வாங்கி வச்சுக்கிட்டு போடுங்க, வெட்டின வட்டத்துண்டையும் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி ஓட்டையை அடைக்கச் சொன்னா மேல ஒரு குச்சி வச்சு அதே துண்டை ஸ்க்ரூ போட்டு பட்டி பூசிடலாம்.