பல் டாக்டருக்குத் திரை வரைவதும் ஒரு வேலையா?

வணக்கம் அம்மா.

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படிக்கும் மகள், நோயாளிகளின் பழைய குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் பல் மருத்துவர்கள் தொடுதிரையில் பார்ப்பதற்கான மென்பொருளை வடிவமைக்கப் போகிறேன் என்கிறாள். "பட்டன் எங்க இருக்கணும்னு முடிவு பண்றதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று கேட்டீர்கள்.

வேலைதான். சம்பளம், எதிர்காலம் எல்லாம் அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது அவர் கைகளை நாம் யாரும் கவனிப்பதில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதற்கே நேரம் சரியாக இருக்கும். அவருடைய இரண்டு கையிலும் கையுறை. ஒன்றில் குட்டிக் கண்ணாடி, மற்றதில் கருவி. எச்சிலும் ரத்தமும் பட்ட கையுறையோடு திரையைத் தொட்டால் கிருமி அடுத்த நோயாளிக்குப் போய்ச் சேரும். அதனால் திரைமேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கு ஆள் மாற்றுவார்கள், அல்லது கிருமிநாசினியால் துடைப்பார்கள், அல்லது "நீ கொஞ்சம் அந்தப் படத்தைத் திற" என்று உதவியாளரிடம் சொல்வார்கள்.

போனில் இருப்பது போன்ற தொடுதிரை, மெல்லிய கையுறைக்குள் இருக்கும் விரலைப் பெரும்பாலும் உணர்ந்துகொள்ளும். ஆனால் நீர்த்துளி விழுந்தாலும் விரல் என்று ஏமாறும். துடைக்கும்போது ஈரத்துணி பட்டு ஒரு பதிவு அழிந்துபோனால்? ஆகவே துடைப்பதற்கென்றே திரையைச் சில வினாடிகள் பூட்டி வைக்கும் வசதி வேண்டும். தொடும் இடம் குறைந்தது 44 பாயிண்ட் (திரையில் அளவைச் சொல்லும் ஒரு அலகு) இருக்கட்டும் என்கிறது ஆப்பிள். ஆண்ட்ராய்டின் கணக்கு 48 டிபி (அதுவும் அப்படி ஒரு அலகுதான்), ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். உட்கார்ந்து நிதானமாகத் தொடும் வெறும் விரலுக்கு அது சரி. கையுறை, உறை, பாதி திரும்பிய உடம்பு, எட்டி நீட்டிய கை எல்லாம் சேரும்போது அதைவிடப் பெரிதாக வேண்டும். பெரிதாக்கினால் திரையில் இடம் போதாது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது? உங்கள் மகளுடைய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் வரைபடம் ஒன்றை அருமையாக வடிவமைத்திருந்தான். நிறம், எழுத்து, அசைவு எல்லாம் கண்ணைப் பறித்தது. ஒரு பல் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் இரண்டு வினாடி பார்த்துவிட்டு, "வலதும் இடதும் மாறியிருக்கே தம்பி" என்றாராம். பல் வரைபடமும் எக்ஸ்ரேயும் மருத்துவர் நோயாளியின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பது போல இருக்கும். நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும். அவன் தன் வாயை நினைத்து வரைந்துவிட்டான். மூன்று மாத உழைப்பு!

பல்லுக்கு எண் போடுவதும் இடத்துக்கு இடம் மாறும். பல நாடுகளில் இருக்கும் முறையில் வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, முதல் இலக்கம் பகுதியையும் இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும். அதில் 11 என்றால் மேல் வலது முன்பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுவார்கள். அங்கே 11 என்பது மேல் இடது கோரைப்பல். இரண்டு முறைக்கும் பழகியவர்கள் ஒரே மென்பொருளைப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தவறான பல்லைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் எந்தப் பட்டனை அழுத்துவது?

படங்களின் கதை இன்னும் சுவாரசியம். எக்ஸ்ரே 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் பற்களையே படம் எடுத்துக்கொண்டார், 25 நிமிடம் அசையாமல் இருந்து. இன்று நொடிக்குள் படம் திரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் பார்ப்பதற்குத்தான் உதவி வேண்டும். ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினால் மருத்துவருக்குப் போதாது. போன வருடத்துப் படத்தையும் இன்றையதையும் பக்கத்தில் வைத்து, பல்லைத் தாங்கும் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே நகர வேண்டும். படத்தைக் 'கூர்மையாக்கும்' வசதியை எல்லோரும் கேட்பார்கள். அதை அதிகமாக வைத்தால் உலோக அடைப்பின் ஓரத்தில் ஒரு கருப்புக் கோடு தோன்றும். அடைப்புக்குக் கீழே சொத்தை திரும்ப வந்திருப்பது போலவே தெரியும். இல்லாத சொத்தையைக் காட்டும் பட்டன் அது. ஆகவே படம் எந்த அளவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்பது எப்போதும் கண்ணில் பட வேண்டும். ஒரே தொடுதலில் மூலப் படத்துக்குத் திரும்பவும் முடிய வேண்டும்.

ஈறுப் பரிசோதனையில் ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழம் அளப்பார்கள். 32 பல்லும் இருந்தால் 192 எண்கள். மருத்துவர் வாயைப் பார்த்தபடி "மூணு, ரெண்டு, நாலு" என்று சொல்லிக்கொண்டே போவார், பதிவது உதவியாளர். அப்படியானால் அந்தத் திரை யாருக்கு? பெரும்பாலான புதியவர்கள் மருத்துவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். உங்கள் மகள் உதவியாளரிடம் அரை மணி நேரம் பேசினால் மற்றவர்களைவிட நன்றாக வரைவாள்.

சரி, உங்கள் கவலைக்கு வருகிறேன்.

துறை குறுகியது என்பது உண்மை. பல் மருத்துவ மென்பொருள் மட்டும் செய்யும் நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் கையுறை போட்ட கை, அவசரத்தில் இருக்கும் கண், தவறினால் உடம்பில் விளையும் கேடு ஆகிய மூன்றையும் மனதில் வைத்து வடிவமைக்கப் பழகியவரை அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, ஸ்கேன் மையம் என்று எந்த மருத்துவ மென்பொருளுக்கும் எடுத்துக்கொள்வார்கள். வாசல் சின்னது, உள்ளே வீடு பெரிது. படிப்பைப் பொறுத்தவரை இப்போது படிப்பதை விடவேண்டிய அவசியமே இல்லை. மனிதர்-கணினி ஊடாட்டம் என்ற பாடம் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் எடுக்கட்டும். மருத்துவப் படங்களுக்கான டைகாம் என்ற பொதுத் தரம் 1993 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது. அதன் அடிப்படை தெரிந்திருந்தால் நேர்காணலில் தனியாகத் தெரிவாள். மருத்துவக் கருவிகளை எளிதாகவும் தவறின்றியும் பயன்படுத்த வைப்பதற்கு ஐஇசி 62366 என்ற தரம் இருக்கிறது. முழுவதும் வாசிக்க வேண்டாம், அது தூக்க மாத்திரை. தவறு நடக்கக்கூடிய இடத்தை முன்கூட்டியே எப்படித் தேடச் சொல்கிறது என்று புரிந்தால் போதும்.

ஏஐ வந்து இதையும் விழுங்கிவிடாதா என்று கேட்டீர்கள். எக்ஸ்ரேயில் சொத்தையைக் குறித்துக் காட்டும் மென்பொருள் வந்துவிட்டது. அந்தக் குறியை மருத்துவர் தானே பார்க்கும் முன் காட்டுவதா, பார்த்த பின் காட்டுவதா? முன்னால் காட்டினால் குறி இல்லாத இடத்தை அவர் கவனிக்காமல் விடலாம். இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். வெறும் படம் வரைபவர்களுக்குச் சிரமம் வரலாம், அதை மறைக்க மாட்டேன். மருத்துவமனைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரைபவர்களைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒரே ஒரு வடிவமைப்பாளராகத் தன்னை எடுக்கும் சின்ன நிறுவனத்தில் அவள் முதல் வேலையைத் தொடங்க வேண்டாம். சம்பளம் கூடுதலாகச் சொன்னாலும் வேண்டாம். தவறைச் சுட்டிக்காட்ட மூத்தவர் ஒருவராவது இருக்கும் இடம் வேண்டும், அது பல் துறையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று, அவளிடம் இன்றே சொல்லுங்கள். தான் செய்ததைக் காட்டும் தொகுப்பில் உண்மையான நோயாளியின் எக்ஸ்ரேயைப் போடவே கூடாது. மூலையில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டேன் என்பார்கள்; டைகாம் கோப்புக்குள்ளேயே பெயரும் பிறந்த தேதியும் ஒளிந்திருக்கும். அதைக் கவனிக்காத ஆளை எந்த மருத்துவ நிறுவனமும் உள்ளே விடாது.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. தெரிந்த பல் மருத்துவரிடமும், சிகிச்சைக்கு வருபவர்களிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் ஒரு நாள் காலை முழுக்க ஓரமாக உட்காரட்டும். கணினி வேண்டாம், நோட்டும் பேனாவும் போதும். யாருடைய பெயரையும் எழுத வேண்டாம். மருத்துவர் எத்தனை முறை கையுறையைக் கழற்றுகிறார், எப்போது உதவியாளரைக் கூப்பிடுகிறார், எந்தப் படத்தைத் தேடி எரிச்சல்படுகிறார் என்று மட்டும் குறிக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் சலித்துப்போனால் இந்த வேலை அவளுக்கு வேண்டாம், அதில் வெட்கமும் இல்லை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படம் போட உட்கார்ந்தாள் என்றால் என்னிடம் அனுப்புங்கள். அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அழகாகப் படியெடுக்க வேண்டாம், அடித்துத் திருத்தியது அப்படியே இருக்கட்டும்.