ஃபைன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நூலகப் புத்தகத்தை இரண்டு வாரம் தாமதமாகக் கொடுத்து, ஃபைன் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். 'ஹவ் ஆர் யூ' என்றாள் பேத்தி. முழித்தேன். 'ஐ ஆம் ஃபைன்னு சொல்லணும் தாத்தா' என்றாள். காசு போனாலும் ஃபைன், நன்றாக இருந்தாலும் ஃபைனா? இரண்டும் வேறு வேறு சொற்களா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேர் ஒன்றுதான். லத்தீனில் ஃபீனிஸ் என்றால் முடிவு, எல்லை. அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம் ஃபைன். அபராதம் ஆனது அப்புறம்தான். இங்கிலாந்தில் நிலத்தைக் கைமாற்ற ஒப்புக்கு ஒரு வழக்குப் போட்டுக் கோர்ட்டிலேயே சமரசம் செய்துகொள்வார்கள். அந்தச் சமரசத்துக்கும் ஃபைன் என்றே பெயர். 1833ல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். பைனான்ஸும் இதே குடும்பம், பழைய பொருள் கடனைத் தீர்ப்பது. (நம் தெருவில் தண்டல்காரர் பைக்கை நிறுத்தும்போது எதுவும் தீர்வதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.)

தமிழில் 'தீர்' இதே வேலையைச் செய்கிறது. அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) வாரியாக நிலவரி ரசீதுகள், நூல் கோத்து, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும். அப்பா வாயில் அது கிஸ்தி, தாளில் தீர்வை. தீர்ப்பு, தீர்வு, கடன் தீர்த்தல் எல்லாம் அந்த வேரிலிருந்து முளைத்தவைதான்.

சரி, நல்லது என்ற பொருள் எப்படி வந்தது? படிப்பில் கடைசி வரை போனவரைக் கரைகண்டவர் என்கிறோமே, அப்படித்தான். முடிவைத் தொட்டது, அதனால் உயர்ந்தது. நகைக்கடையில் 916 என்கிறார்கள், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அந்தச் சுத்தத்துக்கு இங்கிலீஷில் ஃபைன்னெஸ் என்று பெயர். அங்கிருந்து மெல்லியது, நுண்ணியது, சன்னமான பொடி என்று சொல் இறங்கிக்கொண்டே போனது.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் இடுகாட்டுக் காட்சி உண்டு. ஒரு மண்டையோட்டைப் பார்த்து, இது வக்கீலுடையதாக இருக்கலாம் என்று ஹாம்லெட் பேசுகிறான். ஒரே வாக்கியத்தில் நாலு ஃபைன்: முடிவு, நில சமரசம், நேர்த்தியான மண்டை, அதை நிரப்பும் பொடிமண். ஒரு தடவை தமிழில் கொண்டுவரப் பார்த்தேன். தீர்வு, தீர்வை வரைக்கும் வண்டி ஓடியது. மண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டது.