செருகினால் தெரியாத ஹார்ட் டிஸ்க்: கேளுங்கள், சொல்கிறேன்

பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து ஃபைல்களை மீட்டுத் தருவது என் தொழில். எக்ஸ்டர்னல் டிஸ்கைச் செருகினால் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்பவர்கள் கேட்கலாம். கேட்கும் முன் இரண்டு விஷயம். ஃபார்மட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டால் கேன்சல் அழுத்துங்கள். டிஸ்க் டக் டக் என்று தட்டினால் அந்த நொடியே கழற்றுங்கள்.

அண்ணா, 1 டிபி டிஸ்க். லைட் எரிகிறது, ஆனால் டிரைவ் வரவில்லை. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண போட்டோ முழுக்க அதில்தான் இருக்கிறது.

லைட் எரிந்தால் போர்டுக்குக் கரண்ட் போகிறது என்று மட்டும்தான் அர்த்தம் தம்பி. டிஸ்கைக் காதருகே வைத்துப் பாருங்கள். உள்ளே தட்டு சுற்றும் மெல்லிய ஓசை கேட்கிறதா? கேட்டால் பாதி நிம்மதி.

முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். இந்தச் சின்ன டிஸ்குகளில் வரும் அகலமான தட்டை முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அடுத்தது கரண்ட். பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், யூஎஸ்பி 3 என்றால் 900. தட்டு சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில்தான் டிஸ்குக்கு அதிகக் கரண்ட் வேண்டும். ஹப்பிலும் கேபினட்டின் முன்பக்க போர்ட்டிலும் அது கிடைக்காமல் போவதுண்டு. பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகுங்கள்.

அப்புறம் ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். டிஸ்க் அங்கே சரியாகத் தெரிந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், ஒரு டிரைவ் லெட்டர் கொடுங்கள், முடிந்தது. 'ரா' என்று காட்டினால் ஃபைல்களின் அட்டவணை கெட்டிருக்கிறது. ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், எதையும் எழுதிவிடாதீர்கள். 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்டாலும் வேண்டாம். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையை அது புதிதாக எழுதும். டிஸ்க் பெயர் வந்து அளவு மட்டும் காட்டவில்லை என்றால் பழுது டிஸ்குக்கு உள்ளேயோ பெட்டியின் போர்டிலோ இருக்கிறது. அதற்கு மேல் வீட்டில் முயற்சி வேண்டாம்.

பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்கை, கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் மாட்டும் சாட்டா கேபிளில் நேராக மாட்டலாமா?

தனி அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க் என்றால் பெரும்பாலும் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்தான், மாட்டலாம். கையடக்க டிஸ்குகள் பலவற்றில் யூஎஸ்பி முனையே டிஸ்க் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், சாட்டா இருக்காது. இன்னொன்று, சில மாடல்களில் நீங்கள் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் போர்டு எல்லாவற்றையும் பூட்டெழுத்தாக, அதாவது என்கிரிப்ட் செய்துதான் எழுதும். அந்த போர்டு இல்லாமல் படித்தால் குப்பையாகத்தான் வரும். பழைய போர்டைத் தூக்கி எறியாதீர்கள்.

டிவியில் ரெக்கார்டு செய்யச் செருகினேன். அதன்பிறகு கம்ப்யூட்டர் படிக்கவில்லை.

ரெக்கார்டிங்குக்காக டிவி தன் வசதிக்கு ஃபார்மட் செய்துவிட்டது. இனி அதில் எதையும் பதியாதீர்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டி, கிடைப்பதை வேறு டிஸ்கில் சேமியுங்கள். ஃபைல் பெயர்கள் திரும்ப வராது.

செல்போன் தண்ணீரில் விழுந்தது, போட்டோ எடுக்க முடியுமா?

அது என் துறை இல்லை. செல்போன் சிப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சார்ஜ் மட்டும் போடாதீர்கள்.

சார், லைட் எரிகிறது, டிரைவ் வரவில்லை.

முதல் பதிலைப் படியுங்கள்.

கல்யாண வீடியோ எடுப்பவன் நான். 4 டிபி டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. டக் டக் என்கிறது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

தயவுசெய்து வைக்காதீர்கள். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும். படிக்கும் ஹெட், தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. ஒரு துளி ஈரமோ தூசியோ போதும், தட்டைச் சுரண்டிவிடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை யாராலும் திருப்பித் தர முடியாது. அந்த டக் டக், ஹெட் தன் இடத்தைத் தேடித் தோற்கும் சத்தம். இன்னொரு முறை கரண்ட் கொடுக்காதீர்கள். தூசியில்லா அறை வைத்திருக்கும் இடத்தில் மட்டும் திறக்கச் சொல்லுங்கள். செலவாகும், தெரியும். ஒரு குடும்பத்தின் கல்யாணம் அதில் இருக்கிறது.

விண்டோஸிலேயே இருக்கும், டிஸ்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் ஓட்டினால் போதுமே. பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன். மக்களைப் பயமுறுத்திக் கடைக்கு வரவைக்கிறீர்களா?

இல்லை ஐயா. உங்கள் டிஸ்குகள் ஆரோக்கியமாக இருந்திருக்கின்றன. காப்பி ஆகும்போது கேபிளைப் பிடுங்கியதால் வந்த குழப்பத்தை செக்டிஸ்க் அழகாகச் சரிசெய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் வேலை அட்டவணையை ஒழுங்குபடுத்துவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. பொருந்தாததை வெட்டிவிடும், மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் போடும். எல்லாவற்றையும் அதே டிஸ்கிலேயே எழுதும். ஆராய்ச்சி மாணவி ஒருவர் கொண்டு வந்த டிஸ்கில் ஆய்வேடு அப்படித்தான் நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கிடந்தது. ஒட்டவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, கடைசி அத்தியாயம் வரவே இல்லை.

ஆனால் சார், எந்த ஆப்ஷனும் கொடுக்காமல் ஓட்டினால் செக்டிஸ்க் படிக்க மட்டும்தானே செய்யும்?

சரியான கேள்வி. ஆமாம், எழுதாது. நல்ல டிஸ்கில் தாராளமாகச் செய்யலாம். சாகக் கிடக்கும் டிஸ்கில் படிப்பதே சுமை. அதனால் முதலில் டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், அதாவது டிஸ்கின் சின்னச் சின்னப் பகுதிகள், எத்தனை என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். எண்ணிக்கை இருந்தால், ஏறிக்கொண்டும் இருந்தால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் மென்பொருளை வைத்து முழு டிஸ்கையும் இன்னொன்றுக்கு நகல் எடுங்கள். அது சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். செக்டிஸ்கோ வேறு எதுவோ, பிறகு அந்த நகலில் ஓட்டுங்கள்.

நகல் எடுக்க இன்னொரு டிஸ்க் வாங்கச் சொல்கிறீர்கள். அந்தக் காசுக்கு செக்டிஸ்கே மேல்.

டிஸ்கில் இருப்பது சினிமா என்றால் நீங்கள் சொல்வது சரி, ஓட்டுங்கள். திரும்ப எடுக்க முடியாத போட்டோ என்றால் என் பதில் மாறாது.

ஃபார்மட் செய்யவா என்று கேட்டது. ஓகே கொடுத்துவிட்டேன்.

கழற்றி வையுங்கள். குவிக் ஃபார்மட் என்றால் ஹார்ட் டிஸ்கில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி என்றால் குறைவு.

லைட் எரிகிறது, ஆனால்...

முதல் பதில். கேபிள், பின்பக்க போர்ட், டிஸ்க் மேனேஜ்மென்ட்.

அண்ணா, அறுபதாம் கல்யாணம் கேட்டவன் நான். கேபிள் மாற்றினேன், வந்துவிட்டது!

ரொம்ப சந்தோஷம் தம்பி. போட்டோவைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முதலில் லேப்டாப்பில் ஒரு காப்பி, அப்புறம் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரிலோ ஆன்லைனிலோ இன்னொன்று. முடித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.