நடக்கச் சொன்னால் சறுக்குகிறாரே!

கேள்வி: அக்கா, பழைய டிவி கேம் மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். 16-க்கு 16 பிக்ஸலில் ஒரு தபால்காரரை வரைந்து, நடப்பதற்கு எட்டுப் படம் போட்டேன். ஆனாலும் எண்ணெய்த் தரையில் சறுக்குவது போலத்தான் போகிறார். இன்னும் அதிகப் படம் வரைய வேண்டுமா?
— கல்லூரி மாணவர், பெரம்பூர்

பதில்: வேண்டாம் தம்பி, நாலு படம் போதும். அதிலும் புதிதாக வரைய வேண்டியது இரண்டே இரண்டு. முதல் படத்தில் கால்கள் விரிந்திருக்கும்: ஒரு பாதம் இடுப்புக்கு 3 பிக்ஸல் முன்னால், இன்னொன்று 3 பிக்ஸல் பின்னால். இரண்டாவதில் ஒரு கால் நேராக ஊன்றியிருக்க, மற்றது மடங்கி அதைத் தாண்டும். மூன்றும் நாலும் இவற்றின் நகல்தான், கால் மட்டும் மாறும். உடம்புக்கு அந்தப் பக்கம், நம் பார்வைக்குத் தூரமாக இருக்கும் கையையும் காலையும் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கால் எது என்றே தெரியாது.

இரண்டாவது படத்தில்தான் உயிரே இருக்கிறது. பெரம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நடந்து போகிறவர்களைப் பக்கவாட்டில் கவனியுங்கள். கால் விரியும்போது தலை தாழும், கால்கள் சேரும்போது எழும்பும். ஆகவே அந்தப் படத்தில் தலையையும் உடம்பையும் ஒரே ஒரு பிக்ஸல் மேலே ஏற்றுங்கள். தபால் பை மட்டும் ஒரு படம் தாமதமாக ஏறட்டும். பையில் கனம் இருப்பது அப்போதுதான் தெரியும்.

சரி, சறுக்கலுக்கு வருவோம். அது கணக்கில் வரும் கோளாறு. ஊன்றிய பாதம் படத்துக்குப் படம் 3 பிக்ஸல் பின்னால் போகிறது என்றால், அதே நேரத்தில் ஆளும் 3 பிக்ஸல்தான் முன்னேற வேண்டும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும், அதாவது திரை 60 முறை புதிதாகும் கேமில் ஒவ்வொரு படத்தையும் 6 பிரேம் நிறுத்தினால், விநாடிக்கு 10 படம், 30 பிக்ஸல் தூரம். நீங்கள் பிரேமுக்கு 2 பிக்ஸல் நகர்த்தினால் அது 120 ஆகிவிடும். கால் எப்படி ஈடுகொடுக்கும்? 30 மெதுவாகத் தோன்றினால் படத்தை 4 பிரேம் மட்டும் நிறுத்துங்கள், 45 கிடைக்கும்.

கால் மடங்குவது பிடிபடவில்லையா? 1989-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற கேமை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர், தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார். நீங்களும் மொட்டை மாடியில் யாரையாவது பையோடு நடக்கவிட்டு, போனில் பக்கவாட்டில் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

முகத்துக்கு ரொம்ப மெனக்கெடாதீர்கள். கேம் வடிவமைப்பாளர் மியாமோட்டோ தன் கேம் நாயகன் மாரியோவுக்குத் தொப்பியும் மீசையும் வைத்ததே, முடியும் வாயும் வரைய இடம் போதாததால்தான். உங்கள் ஆளுக்கும் தொப்பியும் பையும் பளிச்சென்று தெரிந்தால் போதும்.

வரைவதற்கு பிஸ்கெல் என்ற மென்பொருள் நல்லது. இலவசம், பிரௌசரிலேயே ஓடும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னை ஆன் செய்துகொள்ளுங்கள். அப்புறம், திரையில் பெரிதாக்கும்போது 2, 3, 4 மடங்கு என்று முழு எண்ணில் மட்டும் பெரிதாக்குங்கள். இரண்டரை மடங்கு வைத்தால் சில பிக்ஸல் தடித்து, சில மெலிந்து, நடக்க நடக்க முகமே நெளியும்.