அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் செய்யும் மசாலா பிஸ்கட் மெத்தென்று வர என்ன செய்ய வேண்டும்?

இது டீயில் நனைத்துச் சாப்பிடும் பிஸ்கட் இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பிஸ்கட் என்றால், ஈஸ்ட் போடாமல் சுட்ட, ஏடு ஏடாகப் பிரியும் குட்டி ரொட்டி. நார்த் கரோலைனாவில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். அக்டோபர் பிறந்தால் அதில் பூசணி விழுதும் மசாலாவும் சேர்ப்பார்.

நான் முதலில் செய்தது கல்லாக வந்தது. சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்துவிட்டேன். மறுநாள் பாட்டி என் கண்முன்னே செய்து காட்டினார். ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெயை மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும் நசுக்கினார். பட்டாணி அளவுக்கு உதிர்ந்ததும் கையை எடுத்துவிட்டார். அந்தத் துண்டுகள் உருகாமல் ஓவன் அடுப்புக்குள் போக வேண்டும். அங்கே வெண்ணெயில் இருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும். ஏடுகள் அப்படித்தான் உண்டாகின்றன.

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 115 கிராம். பட்டைத்தூள் 1 தேக்கரண்டி, சுக்குத்தூள் அதில் பாதி, ஜாதிக்காய்த்தூள் கால் தேக்கரண்டி. கிராம்புத்தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மற்ற வாசனையையெல்லாம் அமுக்கிவிடும்.

வேகவைத்து நீர் வடித்த மஞ்சள் பூசணி விழுது 100 கிராம். அங்கே கிடைக்கும் பட்டர்மில்க் நம் மோரைவிடக் கெட்டி. அதனால் தயிரில் கொஞ்சம் பால் கலந்து 100 மில்லி எடுங்கள். அதையும் மொத்தமாக ஊற்றாமல், மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் விடுங்கள். தட்டி, மடித்து, மறுபடி தட்டி, மூன்று முறை போதும். ஓர் அங்குல கனத்தில் வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகாதீர்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு மேலெழும்பாது. 220 டிகிரி செல்சியஸில் சுமார் 15 நிமிடம்.

தொட்டுக்கொள்ள மேப்பிள் வெண்ணெய்: அறைச் சூட்டில் இளகிய வெண்ணெய் 100 கிராம், மேப்பிள் பாகு 2 மேசைக்கரண்டி, பட்டைத்தூளும் உப்பும் சிட்டிகை சிட்டிகை சேர்த்து நுரைக்க அடியுங்கள். ஒரு லிட்டர் பாகு காய்ச்ச ஏறக்குறைய 40 லிட்டர் மேப்பிள் மரச்சாறு வேண்டும், விலையும் அதற்கேற்றபடி. தேனும் அருமையாகவே இருக்கும்.

கத்தி வேண்டாம். சூடாக இருக்கும்போதே கையால் பிட்டு, நடுவில் வெண்ணெயை வைத்து மூடி, அது உருகி ஓரத்தில் கசியும்போது சாப்பிடுங்கள்.