பிரெக்சிட்: எதைவிட்டு வெளியேறுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கிறேன். வர்த்தகக் கூட்டமைப்புகள் பற்றிய சென்ற மாதக் கட்டுரையில், ‘பிரெக்சிட் சரியா தவறா என்பது பாதிக் கேள்விதான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியது பற்றிய அந்த வரியை வைத்து எங்கள் அலுவலகத்தில் ஒரே வாக்குவாதம். தன் சட்டத்தைத் தானே இயற்றிக்கொள்ள ஒரு நாடு விரும்புவதில் என்ன தப்பு என்கிறார் ஒருவர். வீம்புக்குச் செய்த வேலை என்கிறார் இன்னொருவர்.

எனக்கு நடைமுறைச் சந்தேகம் ஒன்று உண்டு. எங்கள் திருப்பூர் பார்ட்டியின் டி-ஷர்ட்டுகள் லண்டன் அருகே ஒரு கிடங்குக்குப் போய், அங்கிருந்து ஒரு பகுதி, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தின் டப்ளின் கடைகளுக்குப் போகிறது. இரண்டு இடத்திலும் வரி விழுகிறது, விலையைக் குறையுங்கள் என்கிறார் வாங்குபவர். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் நடுவில் சுங்கவரி கிடையாது என்றுதானே ஒப்பந்தம்? 2019ல் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வர்த்தகக் கூட்டிலிருந்து நாம் விலகியதும் இதுபோன்றதுதானா?

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

டி-ஷர்ட்டிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அலுவலகச் சண்டையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் அந்தச் சலுகை அவ்விரு இடங்களிலும் ‘உருவான’ பொருளுக்கு மட்டும். திருப்பூர்ச் சட்டையை லண்டன் கிடங்கில் பிரித்து, விலைச்சீட்டு தொங்கவிட்டு, வேறு பாலித்தீன் பையில் போட்டால் அது பிரிட்டிஷ் சட்டை ஆகிவிடாது. டப்ளினில் இறங்கும்போது அது இந்தியப் பொருள்தான். ஆயத்த ஆடைக்கு இரு பக்கமும் பொது வரிவிகிதம் 12%. சலுகை விகிதங்கள் தனிக்கதை. லண்டனில் வரி கட்டிக் கிளியர் செய்து பின் டப்ளினுக்கு அனுப்பும் சரக்குக்கு அந்தச் சலுகையைக் கேட்பதும் கடினம். 2020 டிசம்பர் 31 வரை இந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் ஒருமுறை வரி கட்டிவிட்டால் சரக்கு ஒன்றியம் முழுக்கத் தடையின்றிப் போகும். ஆக வாங்குபவர் சொல்வது உண்மை. ஆனால் அதற்கு உங்கள் பார்ட்டி விலையைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

டப்ளினுக்கான பங்கை லண்டனில் கிளியர் செய்யாமல் இருந்தால் போதும். சரக்கை, வரி கட்டும் முன் வைத்திருக்க அனுமதி உள்ள பாண்டட் கிடங்கில் வைத்து, பிரிட்டனில் விற்பதற்கு மட்டும் அங்கே வரி கட்டி, மீதியை வரி கட்டாத நிலையிலேயே டிரான்சிட் ஆவணத்தோடு அயர்லாந்துக்கு அனுப்பலாம். எவ்வளவு எங்கே விற்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஆன்லைன் வியாபாரத்துக்கு இதுதான் பொருந்தும். அளவு முன்பே தெரியும் என்றால் திருப்பூரில் பேக்கிங்கிலேயே பிரித்துவிடுங்கள்: நாடு வாரியாக அட்டைப்பெட்டிக் குறி, தனி இன்வாய்ஸ், தனி ஷிப்பிங் பில், டப்ளினுக்கோ நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கோ நேர் சரக்கு. இதில் ஒரு இடைஞ்சல் உண்டு. பிரித்தபின் முழு கன்டெய்னர் சேராமல், பிறர் சரக்கோடு பகிர்ந்து ஏற்றும் எல்சிஎல் ஆகிவிட்டால் கன மீட்டருக்கு ஆகும் செலவு ஏறும், மிச்சமான வரியில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். பல பிரிட்டிஷ் நிறுவனங்கள் நெதர்லாந்தில் இரண்டாவது கிடங்கு திறந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இங்கே நடந்ததைப் பாருங்கள். வரி விகிதம் எதுவும் மாறவில்லை, ஆனாலும் செலவு ஏறியது. பிரிட்டன் விட்டு வந்தது ஒன்றை அல்ல என்பதால்தான். அரசியல் ஒன்றியம், ஒரே விதிகள் கொண்ட ஒற்றைச் சந்தை, ஒரே வெளிவரி கொண்ட சுங்க ஒன்றியம் என்று மூன்று இருந்தன. மூன்றையும் விட்டுவிட்டு ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் நின்றது. இவற்றில் ஒன்றை விட்டு இன்னொன்றில் இருப்பதும் நடக்கிற காரியம்தான். நார்வே அரசியல் ஒன்றியத்தில் இல்லை, ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. அதனால்தான் சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லிச்சென்ஸ்டைனோடு சேர்ந்து 2024 மார்ச்சில் நம்மோடு தனி ஒப்பந்தம் போட அதனால் முடிந்தது. ஸ்வீடன் எல்லையில் சுங்கச்சாவடி வைத்திருப்பதும் அதனால்தான். துருக்கி நேர்மாறு. 1995 இறுதியிலிருந்து ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியம், ஆனால் உறுப்பினர் அல்ல. ஒன்றியம் மூன்றாவது நாட்டோடு ஒப்பந்தம் போட்டால் அந்நாட்டுச் சரக்குக்குத் துருக்கியின் கதவும் திறந்துவிடும். அந்நாட்டின் கதவு துருக்கிக்குத் தானாகத் திறக்காது. தனியே போய்க் கெஞ்ச வேண்டும்.

2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் இதில் எதுவும் கேட்கப்படவில்லை. உறுப்பினராக இருப்பதா, விலகுவதா என்று மட்டும் கேட்டார்கள். 51.9% பேர் விலகலாம் என்றார்கள். எங்கே போய் நிற்பது என்பதற்கு அடுத்த மூன்றரை ஆண்டுகளும் இரண்டு பொதுத்தேர்தல்களும் ஆயின. பாதிக் கேள்வி என்றது அதைத்தான்.

விலகல் தரப்பை வீம்பு என்று ஒதுக்குபவரோடு எனக்கு உடன்பாடில்லை. 1988ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஸ்பானியர்களுக்குச் சொந்தமான மீன்பிடிப் படகுகள் பிரிட்டிஷ் பதிவு பெறுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியது. 1990ல் லக்சம்பர்க்கில் இருக்கும் ஒன்றியத்தின் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக அப்போது இருந்த பிரபுக்கள் சபையே அந்தச் சட்டத்தை நிறுத்திவைத்தது. நாடாளுமன்றத்துக்கு மேல் எதுவும் இல்லை என்று சொல்லி வளர்ந்த நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. ஜிஎஸ்டி மன்றத்தில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். மத்திய அரசு ஒப்பாமல் எதுவும் நகராது. தமிழ்நாடு ஒப்பாமலே எதுவும் நகரலாம். ஐரோப்பிய ஒன்றிய அமைச்சர்கள் மன்றத்தில் பெரும்பாலான விஷயங்களுக்கு 55% நாடுகளும் 65% மக்கள்தொகையும் சேர வேண்டும். தனியாக ஒரு நாடு தடுத்துவிட முடியாது. நம் மன்றத்தைவிட இது நியாயமான கணக்கு என்றுதான் சொல்வேன். பெரும்பாலான வாக்கெடுப்புகளில் பிரிட்டன் வென்ற பக்கமே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் தோற்ற நாட்டின் வாக்காளர் யாரைத் தோற்கடித்து அந்தச் சட்டத்தை மாற்றுவார் என்ற கேள்விக்கு ஒன்றியத்தின் ஆதரவாளர்கள் நேராகப் பதில் சொன்னதில்லை.

கைக்கு வந்த பலன்களும் உண்டு. ஒன்றியத்தின் விதிப்படி சானிட்டரி நாப்கினுக்கு வாட் வரியைப் பூஜ்யமாக்க முடியாமலிருந்தது. 2021 ஜனவரி 1 அன்றே எடுத்தார்கள். 2025ல் அமெரிக்கா வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10%, ஒன்றியத்துக்கு 15% என்று நின்றது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று நம்மோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்காட்ச் விஸ்கிக்கு நாம் போடும் 150% வரியை உடனே 75 ஆகவும் பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க ஒப்புக்கொண்டோம். ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் லண்டனுக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் அதிகாரமே இல்லை. ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் வாரம் 35 கோடி பவுண்ட் மிச்சம் என்று விலகல் தரப்பு பேருந்தில் எழுதி ஓட்டியது மட்டும் கணக்கில் சேராது. அந்தப் பணத்தில் பிரிட்டன் 1984ல் பேசி வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காமல் போட்ட தொகை அது.

இனி எதிர்ப்பக்கம். செலவு வரியில் இல்லை, நிரூபிப்பதில் இருக்கிறது. ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சரக்குக்கு 35% மதிப்புச் சேர்ப்பு உண்டா என்று காட்டப் படிவம் நிரப்பி, ஐந்து ஆண்டு கோப்பு வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே வேலை பிரிட்டனின் டோவர் துறைமுகத்திலும் எதிர்க்கரையில் பிரான்சின் காலேயிலும் வந்தது. இறைச்சி, பால் பொருள் என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட நலச்சான்றிதழ் வேண்டும். ஒரே லாரியில் பத்து சிறு வியாபாரிகளின் சரக்கு ஏற்றியிருந்தால், ஒருவரின் சான்றிதழில் ஒரு முத்திரை விட்டுப்போனாலும் லாரி முழுக்க நிற்கும். முதலில் அடிபட்டவர்கள் சிறு ஏற்றுமதியாளர்கள். இரண்டாம் தரக் கடல்நீரில் எடுத்த உயிருள்ள சிப்பிகளைச் சுத்திகரிக்காமல் வெளிநாடுகளிலிருந்து வாங்குவதில்லை என்பது ஒன்றியத்தின் பழைய விதி. பிரிட்டன் வெளிநாடாகிவிட்டதால் 2021ல் அந்த வியாபாரம் அப்படியே நின்றது. புதிதாக யாரும் தடை போடவில்லை.

நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4% குறையும் என்பது பிரிட்டன் அரசின் சுயேச்சையான நிதிக் கணிப்பு அலுவலகம் வைத்திருக்கும் மதிப்பீடு. கொரோனாவையும் எரிபொருள் விலையையும் இதிலிருந்து எப்படிப் பிரிப்பீர்கள் என்று விலகல் தரப்பு கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் எதிர்த்தட்டில் வைக்க அவர்களிடம் இருப்பது என்ன? பசிபிக் கரை நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பில் சேர்வதால் கிடைப்பது மொத்த உற்பத்தியில் 0.08% என்று அரசே கணக்கிட்டது.

வட அயர்லாந்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது பிரிட்டனின் பகுதி, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்தோடு தரை எல்லை கொண்டது. சுங்க ஒன்றியத்தைவிட்டால் எங்காவது ஓர் எல்லை வேண்டும். 1998 அமைதி உடன்பாட்டுக்குப் பின் தரையில் சாவடி போட முடியாது, ஆகவே கடலில் போட்டார்கள். சொந்த நாட்டுக்குள் லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குச் சரக்கு அனுப்பவும் தாள் வேண்டும் என்றாயிற்று. 2023 விண்ட்சர் ஏற்பாடு அதைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது.

உணவுச் சோதனைகளைக் குறைக்க 2025 மே மாதம் லண்டன் ஒரு வழிக்கு ஒப்பியது: அத்துறையில் ஒன்றியத்தின் விதி மாறும்போதெல்லாம் தானும் மாறிக்கொள்ளும், அவ்விதிக்கு இறுதி விளக்கம் லக்சம்பர்க் நீதிமன்றத்தினுடையது. கூடவே ஐரோப்பியப் படகுகளுக்கு 2038 வரை மீன்பிடி அனுமதி. முன்பு அந்த விதிகள் உருவாகும் மேசையில் வாக்கு இருந்தது, இப்போது இல்லை. என் மதிப்பீடு இதுதான்: விலகும் வாதம் அரசியல் வாதமாக வலுவானது, வணிக வாதமாக மெலிந்தது. செலவை ஏற்கிறேன், சட்டம் என்னுடையதாக இருக்கட்டும் என்று சொல்லி வாக்குக் கேட்டிருந்தால் அது நேர்மையான பேரம். செலவே இல்லை என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆர்செப்பை இதோடு சேர்க்காதீர்கள். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா ஒரு பேச்சுவார்த்தையிலிருந்துதான் விலகியது. 47 ஆண்டு பின்னிய சங்கிலி எதுவும் அறுபடவில்லை. கையெழுத்திட்ட 15 நாடுகளில் அன்று நமக்கு ஒப்பந்தம் இல்லாதவை சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மட்டுமே. நியூசிலாந்துப் பால் பற்றிய அச்சம் உண்மை. ஆனால் வரிக்குறைப்புக்கு அடிப்படை ஆண்டு 2014 வேண்டாம், 2019 வேண்டும் என்றும், இறக்குமதி ஓர் அளவைத் தாண்டினால் வரி தானாக ஏற வேண்டும் என்றும் நாம் கேட்டது சீனாவை மனதில் வைத்துத்தான். இழப்பு வேறிடத்தில் வருகிறது. சீன உதிரிபாகத்தைப் பொருத்தி வியட்நாம் ஜப்பானுக்கு அனுப்பும் பொருளில், சீனப் பங்கும் உள்நாட்டு மதிப்பாகக் கணக்கில் ஏறும். அதே உதிரிபாகத்தோடு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போகும் பொருளுக்கு ஏறாது. உங்கள் மேசைக்கு மின்னணுச் சரக்கு வந்தால் ஒரிஜின் சர்ட்டிபிகேட்டுக்கு முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.