ப்ளம்ப்டன் வீட்டு ராபர்ட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

15ஆம் நூற்றாண்டு யார்க்ஷயர் பிரபு சர் வில்லியம் ப்ளம்ப்டன் தன் இரண்டாம் கல்யாணத்தைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் மறைத்துவைத்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். ஷெரீப்பாக இருந்தவர் அவர். சட்டத்தைக் காக்க வேண்டியவரே இப்படிச் செய்யலாமா? பேத்திகளை வாரிசு என்று காட்டிப் பணம் பார்க்கத்தான் முதலிலிருந்தே திட்டமிட்டு மறைத்தார் என்பது என் ஊகம். சரிதானா? அப்புறம், இணையத்து வம்சாவளிகளில் ராபர்ட் ப்ளம்ப்டன் என்று ஒரே வீட்டில் நாலைந்து பேர் வருகிறார்கள். யார் யார் என்றே பிடிபடவில்லை.

க., திருச்சி

அன்புள்ள க.,

முதலில் ராபர்ட்டுகளைப் பிரித்துவிடலாம். சர் வில்லியமின் (1404–1480) அப்பா ஒரு ராபர்ட். பிரான்சுக்குப் போருக்குப் போன இடத்தில் 1421இல் இறந்தார். வில்லியமுக்குப் பிறந்தவர்களில் மூன்று ராபர்ட்டுகள். முதல் மனைவி எலிசபெத் ஸ்டேபிள்டனின் மூத்த மகன் 1450இல் சிறுவயதிலேயே போய்விட்டான். இன்னொருவர் கல்யாணத்துக்கு வெளியே பிறந்தவர், யார்க்கில் சட்டத் தொழில் பார்த்தவர். மூன்றாமவர் இரண்டாம் மனைவி ஜோன் வின்ட்ரிங்கமின் மகன், 1453இல் பிறந்தவர். 1482இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது இவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிந்திய ப்ளம்ப்டன் குடும்பக் கடிதங்களில் ‘சர் ராபர்ட்’ என்றால் இவர்தான். இணையப் பட்டியல்களில் பல, வக்கீல் ராபர்ட்டையும் இவரையும் ஒரே ஆளாக்கிவிடுகின்றன.

இனி உங்கள் ஊகம். பாதிதான் சரி என்பேன். அந்த ரகசியக் கல்யாணம் நடந்தது 1450களின் தொடக்கத்தில். அப்போது விற்பதற்குப் பேத்தியே கிடையாது. மூத்தவன் இறந்த பிறகும் அடுத்த மகன் வில்லியம் உயிரோடு இருந்தான். பெரிய இடத்துச் சம்பந்தமும் கையில் இருந்தது: கிளிஃபர்ட் பிரபுவின் மகள் எலிசபெத். ஆறு வயதில் அவளை ஸ்கிப்டன் கோட்டைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூத்தவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவன் இறந்ததும் அதே பெண்ணை 1453இல் தம்பிக்கு முடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளும் பெற்றால், நிலம் எந்தப் பக்கம் போகுமோ என்று பெண் வீட்டார் யோசிப்பார்கள் இல்லையா? மறைத்ததற்குத் தொடக்கக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

கல்யாணம் நடந்த விதத்தைப் பிற்பாடு கோயில் குமாஸ்தா சாட்சியாகச் சொன்னார். நேர்ஸ்பரோ கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை, சூரியன் எழும் முன். ஜோன் சிவப்பு உடையில், மாப்பிள்ளை பச்சைக் கட்டம் போட்ட அங்கியில். முடிந்ததும் சர் வில்லியம், நான் சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அறிவிப்பு இல்லாமல் முடித்தாலும், இருவரும் சம்மதித்துச் சொல்லியிருந்தால் திருச்சபைச் சட்டத்தில் அது செல்லுபடியாகும் கல்யாணம்தான். முறைகேடு, ஆனால் செல்லும்.

நிலைமை மாறியது 1461இல். அரச பதவிக்காக யார்க், லங்காஸ்டர் வம்சங்கள் மோதிய டவுட்டன் போரில் மகன் வில்லியம் செத்தான். மிஞ்சியது மார்கரெட், எலிசபெத் என்று இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். தோற்ற லங்காஸ்டர் பக்கம் நின்றதற்காகச் சர் வில்லியம் லண்டன் டவரில் அடைபட்டார். பணமுடை. இங்கேதான் நீங்கள் சொல்வது பொருந்துகிறது. 1463இல் மார்கரெட்டை, எக்ஸ்செக்கர் (அரசுக் கருவூல நீதிமன்றம்) நீதிபதி பிரையன் ராக்ளிஃபின் மகனுக்கு நிச்சயம் செய்து பணம் வாங்கினார். அடுத்த வருஷம் எலிசபெத்தை ஹென்றி சோட்ஹிலின் மகனுக்கு. இரண்டு வீட்டாரும் வாரிசுப் பெண் என்று நம்பித்தான் காசு கொடுத்தார்கள். 1463 கடைசியில் ராக்ளிஃப் எழுதிய கடிதம் இருக்கிறது. குழந்தை அழகாகப் பேசுகிறாள், பிரெஞ்சும் பேசுகிறாள், பைபிளின் சங்கீதப் புத்தகத்தைக் கிட்டத்தட்ட முடித்துவிட்டாள் என்று தாத்தாவிடம் பெருமைப்படுகிறார். நீதிபதிக்கே அல்வா கொடுத்திருக்கிறார் மனுஷன்!

1468இல், ஜோனோடு முறை தவறி வாழ்வதாகத் திருச்சபை நீதிமன்றம் கூப்பிட்டபோதுதான் ‘அவள் என் மனைவி’ என்றார். 1472இல் யார்க் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் மகன் ராபர்ட் முறையான பிள்ளை என்று ஆனதாலேயே சொத்து கைக்கு வந்துவிடாது. பொதுச் சட்டப்படி, இறந்த அண்ணனின் மகள்கள் தம்பிக்கு முன்னால் நிற்பார்கள். எனவே கிழவர் நிலங்களை நம்பிக்கையானவர்கள் பெயருக்கு மாற்றி எழுதி, ராபர்ட்டுக்குப் போகும்படி செய்துவிட்டுக் கண் மூடினார்.

ஷெரீப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சினிமாவில் துப்பாக்கியோடு வரும் ஷெரீப் வேறு. இது அந்தக் காலத்தில் அரசர் ஒரு வருஷத்துக்குக் கொடுத்த பதவி. நீதிமன்ற ஆணைகளைச் சேர்ப்பிப்பது, பார்லிமெண்ட் தேர்தல் நடத்துவது, முக்கியமாக ஜூரிகளைப் பொறுக்கி எடுப்பது அன்று இவர் வேலையாக இருந்தது. சர் வில்லியம் 1447–48இல் யார்க்ஷயருக்கும், 1452–53இல் நாட்டிங்கம், டெர்பிக்கும் ஷெரீப். ரகசியக் கல்யாணமும் இந்தச் சமயத்தை ஒட்டித்தான். சாட்சிக்கும் பத்திரத்துக்கும் என்ன விலை என்று தெரிந்த ஆள். சட்டம் தெரிந்ததால்தான் இவ்வளவும் செய்ய முடிந்தது.

பலனை அனுபவித்தது அடுத்த தலைமுறை. 1483இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் ராபர்ட்டுக்கும் பேத்திகளுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தும் தகராறு ஓயவில்லை. ஏழாம் ஹென்றியின் ஆள் ரிச்சர்ட் எம்ப்ஸன் பேத்திகள் பக்கம் சேர்ந்துகொண்டார். 1502இல் ஜூரிகள் சர் ராபர்ட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். ராபர்ட் லண்டனுக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைய, மனைவி ஆக்னஸ் ப்ளம்ப்டன் மாளிகையில் இருந்துகொண்டு குடியானவர்களைச் சமாளித்தாள். அவள் 1504இல் இறந்தாள். 1504இல் இறந்தாள்.

1510இல் எம்ப்ஸன் தலை போனது. அதே வருஷம் ராபர்ட் கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1515இல் மத்தியஸ்தர்கள் ப்ளம்ப்டனை அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சர் வில்லியமின் தாய் வழியில் வந்த டெர்பிஷயர் நிலங்கள் போனது போனதுதான்.